எந்திரப்பி ஒழுங்கீனமன்று

“எந்திரப்பி என்பது ஒழுங்கீனத்தின் அளவு” என்னும் வாக்கியம் இரசாயனவியல் வகுப்பறைகளில் மந்திரம்போல் ஓதப்பட்டு வருகின்றது. பரீட்சையில் அது புள்ளிகளைப் பெற்றுத்தரலாம். அவத்தை மாற்றத்தை விளக்கும் வலிமை அதற்கு உண்டா என்பதே வினா.

பனிக்கட்டி 273 கெல்வினில் உருகும்போது மூலொன்றுக்கு 6.01 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சுகின்றது. இவ்வெப்பவுள்ளுறை மாற்றத்தை வெப்பநிலையால் வகுக்க, கெல்வினுக்கு 22 யூல் எந்திரப்பி அதிகரிப்புக் கிடைக்கின்றது. நீர் 373 கெல்வினில் ஆவியாகும்போது 40.7 கிலோயூல் செலவாகி, எந்திரப்பி 109 யூல் உயர்கின்றது. இதுவரை மந்திரம் பலிக்கின்றது.

ஆனால் −10 பாகை செல்சியசில் மீக்குளிர்ந்த நீர் தானாகவே உறைகின்றதே! மந்திரத்தை மட்டும் கற்ற மாணவன் இங்கே திகைக்கின்றான். இரண்டாம் விதிக்கு இது விலக்கு எனக் கூறவும் துணிகின்றான். கணக்கோ எளிது. மூலொன்றுக்கு நீர் இழப்பது 20.6 யூல், வெளியேறும் 5.62 கிலோயூல் வெப்பத்தால் சூழல் பெறுவது 21.4 யூல். மொத்தத்தில் 0.8 யூல் மிகுதி. விதி மீறப்படவில்லை, சூழல் மறக்கப்பட்டது, அவ்வளவே.

சூழலைச் சேர்த்துக்கொண்டால் மந்திரம் பிழைத்துவிடும் என வாதிப்போரும் உளர். அவ்வாதமும் நிலைக்காது. ஒன்றையொன்று கவராத வன்கோளங்கள், செறிவு மிகும்போது பளிங்கு போல் ஒழுங்குறுவதை ஆல்டரும் வெயின்றைற்றும் 1957இல் கணினி கொண்டு காட்டினர். அங்கே கவர்ச்சியும் இல்லை, சக்தி இலாபமும் இல்லை. ஒழுங்காக அடுக்கப்பட்ட கோளத்துக்கு அசைய இடம் கூடுகின்றது. ஆகவே எந்திரப்பியும் கூடுகின்றது.

ஈலியம்-3 இன்னும் வியப்பானது. ஏறத்தாழ 0.3 கெல்வினுக்குக் கீழே அதன் திண்மம் திரவத்தைவிட அதிக எந்திரப்பி உடையது என 1950இல் பொமரன்சுக் எதிர்வுகூறினார். பரிசோதனை அதனை மெய்ப்பித்தது. தகுந்த அமுக்கத்தில் வெப்பமூட்டினால் அத்திரவம் உறைகின்றது! கருச்சுழற்சிகளின் ஒழுங்கீனமே காரணம் எனச் சமாதானம் கூறலாம். அங்ஙனமாயின், எதனை ஒழுங்கீனம் என்பது எனத் தீர்மானிப்பது கணக்கேயன்றிக் கண் அன்று.

ஒரு தொகுதி எத்தனை நுண்ணிலைகளில் இருக்க இயலும் என்பதையே எந்திரப்பி அளவிடுகின்றது. தாய்மொழியில் விஞ்ஞானம் பயில்வது விளங்கிக்கொள்வதற்காகவே. விளக்கத்தின் இடத்தில் உவமையை அமர்த்தி, அதனையே விடையென ஏற்கும் கற்பித்தல் அந்நோக்கத்தையே தோற்கடிக்கின்றது.