பேன் பார்க்கும் மீனுக்கு இருக்க இடம் உண்டா?

மீனுக்குப் பேன் பிடிக்குமா?

பிடிக்கும்! கடலிலே வாழும் மீனுக்கும் பேன் உண்டு. அந்தப் பேனைப் பொறுக்கித் தின்பதற்கு என்றே வேறு மீன்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும். அந்த மீன்கள் படும் பாட்டைக் கேட்டால் சிரிப்பு வராது.

இது நடப்பது ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நார்வே நாட்டில். ஸ்காட்லாந்திலும் உண்டு.

நார்வேயில் சால்மன் மீனைப் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். (நம் ஊரில் காலா மீனை "இந்தியன் சால்மன்" என்று சொல்லி விற்பது உண்டு. அது வேறு மீன். இது குளிர்ந்த கடலில் வாழ்வது. சதை ஆரஞ்சு நிறமாக இருக்கும்.) 1970-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய தொழில் இது. இன்று ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் சால்மன் அங்கே விளைகிறது. உலகத்தில் இதற்கு ஈடான நாடு கிடையாது.

நார்வேயில் மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்திருக்கும். அந்த நீரில் வட்டமான பெரிய வலைக் கூண்டுகளை மிதக்க விடுகிறார்கள். ஒரு கூண்டுக்குள் 2 லட்சம் சால்மன் வரை வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

இத்தனை மீன் ஒரே இடத்தில் கூடினால் பேன் வராமல் இருக்குமா? பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியது இல்லை.

கடல் பேன்

இந்தக் கடல் பேன், இறால், நண்டு இவற்றின் இனத்தைச் சேர்ந்தது. வளர்ந்த பெண் பேன் ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சால்மனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வழுவழுப்பையும் தோலையும் ரத்தத்தையும் தின்னும். தோலில் புண் விழும். புண் வழியாக நோய் நுழையும். ஒரு பெண் பேன் நூற்றுக்கணக்கில் முட்டை இடும். பண்ணையில் பெருகும் பேன், வெளியே ஆற்றிலிருந்து கடலுக்கு வரும் காட்டுச் சால்மன் குஞ்சுகளையும் பிடித்துக் கொன்றுவிடுகிறது.

ஆகவே நார்வே அரசாங்கம் கண்டிப்பான விதி வைத்திருக்கிறது. சராசரியாக இரண்டு சால்மனுக்கு ஒரு பெண் பேனுக்கு மேல் இருக்கக் கூடாது. காட்டுக் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் வசந்த காலத்தில் ஐந்து சால்மனுக்கு ஒன்றுதான்!

முதலில் மருந்து போட்டுப் பார்த்தார்கள். சில ஆண்டுகள் மருந்து கேட்டது. பிறகு பேனுக்கு மருந்து பழகிப்போயிற்று. கொசு மருந்துக்குக் கொசு பழகிப்போவது போலத்தான்.

அப்போதுதான் இந்த வேலைக்கார மீன்களின் மேல் கண் விழுந்தது. பாறை இடுக்கில் வாழும் "ராஸ்" என்னும் மீன், மற்ற மீன்களின் மேல் உள்ள பேனைக் கொத்தித் தின்பதைக் கண்டார்கள். நார்வே விஞ்ஞானி ஒஸ்முன்ட் பியோர்டால் 1980-களின் கடைசியில் சால்மன் கூண்டுக்குள் ராஸ் மீனை விட்டுச் சோதித்தார். பேன் குறைந்தது. மருந்து இல்லாத வைத்தியம் என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். பின்னால் "லம்ப்" என்னும் இன்னொரு மீனையும் பொரித்து வளர்த்துக் கூண்டில் விடத் தொடங்கினார்கள். இவற்றுக்குத் துப்புரவு மீன்கள் என்று பெயர்.

2019-ஆம் ஆண்டில் நார்வேக் கூண்டுகளில் விடப்பட்ட துப்புரவு மீன்கள் 5 கோடிக்கும் மேல்! பிறகு இந்த எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. இறங்கினாலும் கோடிக் கணக்குத்தான்.

யார் இந்த வேலைக்காரர்கள்?

லம்ப் மீன் பார்க்க வேடிக்கையாக இருக்கும். உருண்டையான உடம்பு. பெரிய கண். வயிற்றுக்குக் கீழே ஒரு வட்டத் தட்டு. அந்தத் தட்டை அழுத்தி, பாறையிலோ கடல் பாசியிலோ ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். நீந்துவதில் கெட்டி இல்லை. கொஞ்ச நேரம் நீந்தும். பிறகு ஒட்டிக்கொண்டு இளைப்பாறும்.

இதன் ஆண் மீனைப் போன்ற தகப்பனைப் பார்ப்பது அரிது. பெண் மீன் கரை ஓரத்தில் முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். ஆண் மீன் அங்கேயே காவல் இருக்கும். முட்டைக்கு நல்ல நீர் கிடைக்கும்படி துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். ஒரு மாதத்துக்கும் மேல் இந்தக் காவல் நடக்கும்.

ராஸ் மீனின் கதை வேறு. அதில் பல வகை உண்டு. "பாலன்" ராஸ் என்னும் பெரிய வகை பிறக்கும்போது எல்லாமே பெண்! வளர்ந்த பிறகு சில ஆணாக மாறும். இருபது ஆண்டுக்கு மேலும் உயிர் வாழும். இரவானால் பாறை இடுக்கில் புகுந்து தூங்கும். இந்த மீனுக்கு இரைப்பை கிடையாது. வாயிலிருந்து நேரே குடல்தான். ஆகவே ஒரே வேளையில் வயிறு நிரம்பத் தின்றுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வேண்டும்.

இப்படிப்பட்ட மீன்களைக் கொண்டுபோய் எங்கே விடுகிறார்கள்?

பாறையும் பாசியும் இல்லாத வலைக் கூண்டில்! நாலு பக்கமும் வலை. நடுவே லட்சக்கணக்கான சால்மன் சுற்றிச் சுற்றி ஓடும். அலையும் நீரோட்டமும் ஓயாது. சால்மனுக்கு ஓடும் நீர் பிடிக்கும். லம்ப் மீனுக்கு அது தாங்காது. ஒட்டிக்கொள்ள இடம் இல்லாவிட்டால் நீந்தி நீந்திக் களைத்துப்போகும்.

எத்தனை செத்தன?

நார்வே அரசாங்கத்தின் உணவுப் பாதுகாப்புத் துறை 2018, 2019 ஆண்டுகளில் நாடு முழுவதும் பண்ணைகளைச் சோதித்தது. அடுத்த ஆண்டு அறிக்கை வெளியிட்டது. பண்ணைக்காரர்கள் தாங்களே எழுதி வைத்திருந்த கணக்கைத்தான் பார்த்தார்கள். அதில் பாதிப் பண்ணைகளில், நூறு துப்புரவு மீன் விட்டால் நாற்பதுக்கும் மேல் செத்திருந்தன!

இது எழுதி வைத்த கணக்கு. எழுதாத கணக்கு இன்னும் பெரிது. சின்ன மீன். செத்தால் சீக்கிரம் அழுகிக் கரைந்துவிடும். வலைக் கண் வழியே வெளியே போய்விட்டதும் உண்டு. சால்மன் விழுங்கியதும் உண்டு. சால்மனை அறுவடை செய்யும் நாளில் உயிரோடு மிஞ்சியவை எத்தனை என்று பல பண்ணைகளில் யாருக்கும் தெரியாது. மிஞ்சியவற்றையும் பெரும்பாலும் கொன்றுவிடுகிறார்கள். அடுத்த கூண்டுக்கு மாற்றினால் நோய் தொற்றும் என்ற பயம்.

2023-ஆம் ஆண்டு நார்வேக் கடல் கூண்டுகளில் நூற்றுக்குச் சுமார் 16, 17 சால்மன் செத்தன. அதற்கே நாடு முழுவதும் கூச்சல் எழுந்தது. நாற்பது செத்த வேலைக்கார மீனுக்கு அவ்வளவு கூச்சல் இல்லை. சால்மன் விற்பனைச் சரக்கு. துப்புரவு மீன், துடைப்பம் வாங்கிய செலவோடு சேர்ந்துவிட்டது!

எதனால் சாகின்றன? காரணம் ஒன்று இரண்டு இல்லை. பாக்டீரியா நோய். செவுள் நோய். அழுகிய துடுப்பு. பட்டினி. லம்ப் மீனுக்குக் கண்ணில் புரை விழுவதும் அடிக்கடி காணப்படுகிறது. கண் தெரியாத மீன் பேனை எப்படிப் பார்க்கும்? கோடையில் நீர் சூடானால் லம்ப் மீன் வாடும். குளிர் காலத்தில் ராஸ் மீன் மரத்துப்போய் மூலையில் கிடக்கும்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை, பேன் நீக்கும் இயந்திரம். துப்புரவு மீன் விட்ட பிறகும் பேன் பெருகினால், சால்மனைக் குழாயில் இழுத்துச் சுடுநீரில் அரை நிமிடம் போல முக்கி எடுக்கிறார்கள். அல்லது தூரிகையால் தேய்க்கிறார்கள். சால்மனே வலியில் துடிக்கிறது என்று நார்வே விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் துப்புரவு மீன்களைப் பிரித்து எடுக்காவிட்டால், அந்தச் சிறு மீன்களும் அதே குழாயில் போகும்.

மீனுக்கு வலிக்குமா?

"மீன்தானே! அதற்கு என்ன தெரியும்?" என்று சிலர் கேட்பார்கள்.

2003-இல் லின் ஸ்னெட்டன் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும் ஸ்காட்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். டிரவுட் மீனின் உதட்டில் தேனீயின் விஷத்தையும் காடியையும் ஊசியால் ஏற்றினார்கள். மீன் ஆடி ஆடித் தவித்தது. காடி ஏற்றிய மீன் உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தது. வலி நீக்கும் மருந்து கொடுத்ததும் தவிப்பு குறைந்தது.

ராஸ் மீனின் சொந்தக்கார மீன் ஒன்று பவளப் பாறைகளில் இருக்கிறது. அதுவும் மற்ற மீன்களுக்குப் பேன் பார்ப்பதுதான். 2019-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அதன் கழுத்தில் புள்ளி வைத்துக் கண்ணாடி காட்டினார்கள். கண்ணாடியில் பார்த்த மீன், தன் கழுத்தைத் தரையில் உரசிப் புள்ளியை அழிக்கப் பார்த்தது!

நார்வேக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாதது இல்லை. அந்த நாட்டின் விலங்கு நலச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டது. மனிதனுக்குப் பயன்பட்டாலும் படாவிட்டாலும் விலங்குக்குத் தன் மதிப்பு உண்டு என்கிறது அந்தச் சட்டம். மீனும் அதில் சேர்த்தி. மாட்டுக்கும் ஆட்டுக்கும் உள்ள சட்டம்தான் லம்ப் மீனுக்கும். பண்ணையில் நூற்றுக்கு நாற்பது மாடு செத்தால் அந்தப் பண்ணையைத் திறந்து வைக்க விடுவார்களா?

செய்ய முடியாத காரியமா?

பண்ணைக்காரர்களின் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. துப்புரவு மீனை நிறுத்தினால் சுடுநீரும் தூரிகையும் கூடும். சால்மன் துன்பப்படும். ஒன்றைக் காப்பாற்றப் போய் மற்றதை வதைப்பதா என்று கேட்கிறார்கள். கேள்வி சரியானது. ஆனால் இப்போது இரண்டும் சேர்ந்தே வதைபடுகின்றன.

நல்ல பண்ணைகள் வழி காட்டியிருக்கின்றன. பிளாஸ்டிக்கில் செய்த கடல் பாசியைக் கூண்டுக்குள் திரை போலத் தொங்க விடுகிறார்கள். லம்ப் மீன் அதில் ஒட்டிக்கொள்கிறது. ராஸ் மீன் அதற்குள் புகுந்து தூங்குகிறது. பேனை மட்டும் நம்பி விடாமல் தனி இரையும் போடுகிறார்கள். பசித்தால்தான் பேன் தின்னும் என்று முன்பு சிலர் பட்டினி போட்டார்கள். அது தவறான கணக்கு. மெலிந்த மீன் நோயில் விழுந்து சாகிறது, வேலையும் நடப்பதில்லை. குஞ்சிலேயே தடுப்பூசி போடுகிறார்கள். இயந்திரம் வரும் முன்பு மறைவிடத்தோடு மீன்களை மெதுவாகத் தூக்கி வேறு தொட்டியில் வைக்கிறார்கள்.

இவை எல்லாப் பண்ணைக்கும் கட்டாயம் ஆக வேண்டும். "முடிந்தால் செய்யலாம்" என்று விட்டால் முடியாதவர்களே மிகுந்துபோவார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த மீன்கள் உண்மையிலேயே பேனைத் தின்கின்றனவா? பல லம்ப் மீன்களின் வயிற்றை அறுத்துப் பார்த்தால் ஒரு பேன் கூட இருப்பதில்லை. சால்மனுக்குப் போடும் தீனியைத் தின்றுவிட்டுச் சும்மா இருப்பவை அவை. நார்வே முழுவதற்குமான பண்ணைக் கணக்குகளை அலசிய ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. பலன் ஒரு பண்ணையில் ஒரு மாதிரியும் மற்றொரு பண்ணையில் வேறு மாதிரியும் இருக்கிறது என்று அது கண்டது. பலன் தெரியாத இடத்திலும் லட்சக்கணக்கில் மீனைக் கொட்டுவது எந்த நியாயம்?

வேறு வழிகளும் வந்துவிட்டன. பேன் குஞ்சுகள் கடலின் மேல் மட்டத்தில்தான் மிதக்கும். ஆகவே கூண்டின் மேல் பகுதியைச் சுற்றிப் பாவாடை போலத் துணி கட்டினால் பேன் உள்ளே வருவது குறைகிறது. கூண்டையே ஆழத்தில் இறக்குகிறார்கள். பேனைக் காமிராவால் கண்டுபிடித்து லேசர் ஒளியால் சுடும் கருவியும் இருக்கிறது. பணம் செலவாகும். 10 லட்சம் டன் மீன் விற்கும் தொழிலுக்கு அது தாங்காத செலவு இல்லை.

முதலில் நிறுத்த வேண்டியது, தெற்கே கடலில் பிடித்த ராஸ் மீன்களைத் தொலைவில் உள்ள வடக்குப் பண்ணைகளுக்கு ஏற்றி அனுப்புவது. ஆண்டுக்கு 1 கோடியே 80 லட்சம் ராஸ் மீன் வரை பிடிக்கலாம் என்று 2018-இல் நார்வே அரசாங்கம் வரம்பு கட்டியது. பண்ணையில் பொரித்தவை அல்ல. கடலில் சுதந்திரமாகத் திரிந்தவை. பாறை இடுக்கிலிருந்து பிடித்து, தொட்டியில் அடைத்து, நெடுந்தூரம் கொண்டுபோகிறார்கள். போகும் வழியிலேயே சில சாகின்றன. போய்ச் சேர்ந்தவை வடக்கின் குளிரில் மரத்துப்போகின்றன. அங்கே கூண்டிலிருந்து தப்பிய தெற்கு மீன்கள், வடக்கு மீன்களோடு கலந்து இனம் கலப்பதையும் விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அடுத்தது, எண்ணிக்கை. கூண்டின் அடியில் விழும் செத்த மீன்களைப் பண்ணைகளில் தவறாமல் மேலே எடுத்து எண்ணுகிறார்கள். சால்மன் எத்தனை என்று எழுதும் அதே தாளில், லம்ப் எத்தனை, ராஸ் எத்தனை, விட்டது எத்தனை, கடைசி நாளில் உயிரோடு எடுத்தது எத்தனை என்று நான்கு எண்கள் எழுத வேண்டும். அதை ஆண்டுதோறும் பண்ணையின் பெயரோடு வெளியிட வேண்டும். பாதி மீனைக் கூட உயிரோடு காட்ட முடியாத பண்ணைக்கு, அடுத்த ஆண்டு ஒரு துப்புரவு மீனும் கொடுக்கக் கூடாது.