கீறல் சிறிது, துரு பெரிது



காரில் கீறல் விழுவதற்குப் பெரிய விபத்து எதுவும் நடக்க வேண்டியதில்லை. கேற்றுக்குள் திருப்பும்போது தூணில் ஓர் உரசல். பிள்ளைகளின் சைக்கிள் சாய்ந்து ஒரு கோடு. சந்தைக்கு முன்னால் நிறுத்தியிருந்தபோது யாரோ இடித்துவிட்டுப் போன அடையாளம். கதவுப் பிடியின் உட்குழியைப் பாருங்கள். நமது மோதிரமும் நகமும் போட்ட கோடுகள் அங்கே நிறைந்திருக்கும்.

இவற்றைக் கண்டதும் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். 'சின்னக் கீறல்தானே' என்று விட்டுவிடுகிறோம். அல்லது 'முழுக் கதவுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும்' என்று கராஜில் சொன்னால் தலையாட்டிவிட்டு வருகிறோம். எதைத் துடைத்தால் போகும், எதை நாமே மூடலாம், எதை டிங்கரிங் பாஸிடம் காட்ட வேண்டும் என்று பிரித்தறியத் தெரிந்தால் பணமும் மிஞ்சும், வாகனமும் நிலைக்கும்.

இன்று இது சிறிய விடயமல்ல. நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதுவும் கடுமையான வரிகளோடு. பத்துப் பதினைந்து வருடக் காரை வைத்துச் சமாளிக்கும் குடும்பங்களுக்கு அதன் உடம்பைத் துருப் பிடிக்காமல் காப்பதும் குடும்பச் சிக்கனத்தில் ஒரு பங்குதானே!

பெயின்ட் எத்தனை படை?

காரின் இரும்புத் தகட்டின் மேல் தொழிற்சாலையில் பல படைகள் பூசப்படுகின்றன. அடியில் துருவைத் தடுக்கும் பூச்சு. அதன் மேல் பிரைமர். அதன் மேல் நாம் பார்க்கும் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற, நிறமற்ற கிளியர். இவை அனைத்தும் சேர்ந்தாலும் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர்தான், போட்டோ கொப்பி எடுக்கும் ஒரு தாளின் தடிப்பு! இந்த மெல்லிய போர்வைதான் இரும்பை மழையிலிருந்தும் கடற்காற்றிலிருந்தும் காக்கிறது.

நகமும் தண்ணீரும்

கீறல் உள்ள இடத்தைக் கார் ஷாம்பு கரைத்த தண்ணீரால் கழுவி, துடைத்துக் காயவிடுங்கள். பிறகு விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்காக மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தடக்காமல் போனால், அத்துடன் தண்ணீர் பட்டதும் கீறல் மறைந்தால், அது கிளியரில் மட்டும் விழுந்தது. நகம் தடக்கி, உள்ளே வேறு நிறம் தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. மினுங்கும் தகடோ செம்மண் நிறத் துருவோ தெரிந்தால் இரும்பைத் தொட்டுவிட்டது. வைத்தியம் இந்த மூன்றுக்கும் வேறு வேறு.

மேற்கீறலுக்கு

காரை நிழலில் நிறுத்துங்கள். தகடு சூடாக இருக்கக் கூடாது. வாகன உதிரிப்பாகக் கடைகளில் ரபிங் கொம்பவுண்ட் கிடைக்கும். மெல்லியதைக் கேட்டு வாங்குங்கள். மென்மையான துணியில் பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தில் அழுத்தாமல் தேயுங்கள். ஒரு நிமிடம் தேய்த்து, துடைத்துப் பார்த்து, தேவையானால் மறுபடியும் செய்யுங்கள். முடிவில் பொலிஷ் போடுங்கள். அடுத்த வாகனத்தின் பெயின்ட் நம் காரில் ஒட்டியிருந்தாலும் பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

துணியில் காரின் நிறம் ஏறினால் கவனியுங்கள். கிளியர் இல்லாத பழைய வகைப் பெயின்டில் அப்படி ஏறுவது இயல்பு. கிளியர் உள்ள காரில் ஏறினால் கிளியர் தேய்ந்து முடிந்துவிட்டது என்று பொருள், உடனே நிறுத்திவிடுங்கள்.

பாத்திரம் துலக்கும் தும்பையும் கம்பிச் சுருளையும் தூளையும் காருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம். ஒரு கீறலைப் போக்க நூறு கீறலைப் போட்டுவிடும். நகப்பூச்சு நீக்கியும் தின்னரும் பெயின்டையே கரைக்கக் கூடியவை.

நிறம் போன கீறலுக்கு

இதற்கு டச் அப் பெயின்ட் வேண்டும். 'வெள்ளை நிறம்' என்று சொல்லி வாங்கினால் பொருந்தாது. ஒவ்வொரு காருக்கும் நிற இலக்கம் உண்டு. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பொனட்டுக்குக் கீழேயோ உள்ள தகட்டில் அதைப் பாருங்கள். டொயோட்டாவின் சுப்பர் வைட் 2 என்ற வெள்ளைக்கு இலக்கம் 040. இலக்கம் சரியாக இருந்தாலும் வெயிலில் மங்கிய காரில் சிறிது வித்தியாசம் தெரியலாம். கண்ணில் படாத மூலையில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். முத்துப் போல் மினுங்கும் பேர்ல் வெள்ளையில் படைகள் கூடுதல். வீட்டில் பூசினால் அப்படியே பொருந்தாது.

கீறலைத் துடைத்து, பொலிஷும் எண்ணெயும் நீங்கிய பின் ஆரம்பியுங்கள். போத்தலோடு வரும் தூரிகை பெரும்பாலும் தடிப்பானது. பல் குத்தும் குச்சியின் முனை போதும். கீறலுக்குள் மட்டும் மெல்லியதாக வைத்து, காயவிட்டு, மறுபடி வையுங்கள். ஒரே முறையில் நிரப்ப அவசரப்பட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும். நிறம் காய்ந்த பின் கிளியரையும் இப்படியே வையுங்கள். சில நாட்கள் கழித்து, 2000 இலக்க அரத்தாளைத் தண்ணீரில் நனைத்து, மேடாக நிற்பதை மட்டும் லேசாகச் சமப்படுத்தி, கொம்பவுண்ட் போடுங்கள். கிட்ட வந்து பார்த்தால் அடையாளம் தெரியத்தான் செய்யும். பரவாயில்லை, தண்ணீர் உள்ளே போகாது.

இரும்பு தெரிந்தால்

இதைத்தான் தள்ளிப் போடக் கூடாது. திறந்த இரும்பில் பிடிக்கும் துரு அந்த இடத்தோடு நிற்காது. பெயின்டுக்கு அடியால் ஊர்ந்து போகும். சில காலத்தில் பெயின்ட் கொப்புளமாக எழும்பி, உதிர்ந்து, கடைசியில் தகடே ஓட்டையாகும். காற்றில் உப்பு உள்ள கல்முனை, காத்தான்குடி, பேருவளை, புத்தளம் போன்ற கரையோர ஊர்களில் இது இன்னும் விரைவு.

துருவை 320 இலக்க அரத்தாளால் மினுங்கும் தகடு தெரியும் வரை சுரண்டி எடுங்கள். துடைத்து, பிரைமர் வைத்து, காய்ந்த பின் நிறமும் கிளியரும் முன்போலவே. துருவின் மேலேயே பெயின்ட் பூசுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதற்குச் சமம். பெயின்ட் வாங்க இரண்டு நாள் செல்லுமென்றால், ஈரமில்லாமல் துடைத்து நிறமற்ற நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்து மூடலாம். அது தற்காலிகம்தான், பிறகு சுரண்டி எடுத்துவிட்டே பிரைமர் வைக்க வேண்டும்.

நெளிவுகள்

பம்பர் பிளாஸ்டிக்காக இருந்து, உள்நோக்கி அமுங்கி, வெடிப்பில்லாமல் இருந்தால் கொதிநீர் உதவும். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, கையுறை போட்டு, நெளிவின் மேல் நீரை மெதுவாக ஊற்றி, பின்புறமாகக் கையால் தள்ளுங்கள். வடிவம் திரும்பியதும் குளிர்நீர் ஊற்றுங்கள். சென்சர் பொருத்திய பம்பரில் இதைச் செய்ய வேண்டாம்.

கதவுத் தகட்டில் அகலமான, ஆழமில்லாத நெளிவு என்றால், சிங்க் அடைப்பு எடுக்கும் புதிய ரப்பர் பம்பை ஈரமாக்கிப் பதித்து இழுத்துப் பார்க்கலாம். கூர்மையாக மடிந்ததும், கதவு விளிம்பில் உள்ளதும் இதற்கு அசையாது. சுத்தியலை மட்டும் எடுக்காதீர்கள். அடிக்க அடிக்கத் தகடு விரிந்துவிடும். பெயின்ட் வெடித்த நெளிவையும், கதவு சரியாக மூடாத அடியையும் பாஸிடமே கொடுங்கள். காப்புறுதியில் கேட்பதற்கு முன், நோ கிளெய்ம் போனஸில் எவ்வளவு இழப்போம் என்று கணக்குப் பாருங்கள். சிறிய வேலைக்கு அது நட்டமாகலாம்.

கவனத்திற்கு

அரத்தாள் தூசுக்கு முகக் கவசம் அணியுங்கள். பெயின்ட் வேலையைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் விலகியே இருக்கட்டும். கராஜில் ஹாட்னர் கலந்து ஸ்பிரே பண்ணும் இரட்டைப் பெயின்ட் நுரையீரலைக் கெடுக்கக் கூடியது. அதை வீட்டில் முயல வேண்டாம்.

பழைய கார் வாங்கப் போகும்போது ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். இரும்புக் கதவில் ஓரிடத்தில் மட்டும் ஒட்டாவிட்டால் உள்ளே தடிப்பாகப் புட்டி இருக்கிறது. பிரியஸ் காரின் பொனட் அலுமினியம். அதில் காந்தம் ஒட்டாது, அதற்காகச் சந்தேகப்படாதீர்கள். அதேபோல் நம் காரை விற்கும்போதும் புட்டி வைத்த இடத்தை நாமே சொல்லிவிடுவது முறை.

இன்னொன்று. நம் கார் அடுத்தவர் காரில் உரசிவிட்டால், ஆள் இல்லையென்று நழுவாமல் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். வீட்டில் மகனோ மகளோ 'உம்மா, நான்தான் கீறிட்டேன்' என்று வந்து சொன்னால், முதலில் சத்தம் போடாதீர்கள். ஏச்சுக்குப் பயந்து மறைத்த கீறல்தான் மழைக்காலம் முழுவதும் தண்ணீர் குடித்துத் துருவாகிறது. சொன்ன பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், நகத்தால் தடவிப் பார்த்து, அன்றைக்கே மூடிவிடுங்கள்.