குழு யாருக்கு உரியது?

ஒரு நகரத்தின் பெயரைத் தாங்கி ஆடும் விளையாட்டுக் குழு யாருக்கு உரியது? பொருள் முடக்கி அதனை நடத்தும் முதலாளிக்கா? அன்றி, அதன் வெற்றியிலே களித்துத் தோல்வியிலே நெஞ்சம் நையும் ஊராருக்கா? இவ்வினாவினை ஆராய்வார்க்குக் கனடா தேசத்து வின்னிப்பெக் நகரத்தின் பனித்தரை ஹாக்கி வரலாறு சிறந்ததொரு சான்றாகும்.

மானிட்டோபா மாகாணத்தின் தலைநகராகிய அவ்வூரிலே பனிக்காலம் நெடியது. ஆறுகளும் உறைந்து கல்லென இறுகும். இரும்புத் தகடு பொருத்திய காலணி பூண்டு, பனித்தரைமீது வழுக்கியோடி, வளைந்த கோலினால் ரப்பர் வட்டை அடித்தாடுவதே இவ்வாட்டம். 1896-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வின்னிப்பெக் விக்டோரியா குழுவினர் மாண்ட்ரியால் சென்று, அவ்வூர் விக்டோரியா குழுவினரை 2-0 என்னும் கணக்கில் வென்று ஸ்டான்லி கிண்ணத்தைக் கைக்கொண்டனர். 1901-லும் அதனை வென்றனர். அவர்கள் கூலிக்கு ஆடியவர் அல்லர். ஊரின் பெருமைக்கே ஆடினர். ஆகவே, அந்நாளில் குழு யாருடையது என்னும் வினாவே எழவில்லை.

ஆயினும், ஊரென்பது யார்? ஐஸ்லாந்துத் தீவினின்று குடியேறியோரின் மைந்தர் பால்கன்ஸ் என்னும் குழுவை அமைத்தபோது, நகரத்தின் முன்னணிக் குழுக்கள் அவர்களைத் தம்மோடு சேர்த்துக்கொள்ள இசைந்தில. முதல் உலகப் போரிலே அவர்களுட் பலர் படையிற் சேர்ந்தனர். இருவர் போரில் மாண்டனர். மீண்டு வந்தோர், பிராங்க் பிரெட்ரிக்சன் தலைமையில், 1920-இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் பந்தயத்திலே சுவீடனை 12-1 என வென்று பொற்பதக்கம் பெற்றனர். புறக்கணித்த நகரமே பெருந்திரளாய்க் கூடி அவர்களை வரவேற்றது! குழு எமதென உரிமை பாராட்டுவோர், குடியேறி வந்தோரையும் எம்மவரெனக் கொள்ளக் கடமைப்பட்டவர் அன்றோ?

பின்னர்ப் பணத்தின் காலம் வந்தது. 1972-இல் களம் புகுந்த ஜெட்ஸ் குழு, பாபி ஹல் என்னும் பேராட்டக்காரரைப் பெரும்பொருள் கொடுத்துச் சேர்த்தது. 1979-இல் தேசிய ஹாக்கி லீக்கில் இடம் பெற்றது. ஆனால் வருவாய் கனடா டாலரிலும், ஆட்டக்காரர் சம்பளம் அதனினும் மதிப்பு மிக்க அமெரிக்க டாலரிலும் அமைந்தன, அரங்கமோ பழையது. 1995-இல் மக்கள் திரண்டு நன்கொடை திரட்டியும் பயனில்லை. 1996-இல் குழு விற்கப்பட்டு, பாலைவன நகரமாகிய பீனிக்ஸுக்குச் சென்றது.

'நட்டத்தைச் சுமப்பவன் முதலாளி. விற்பதும் அவன் உரிமையே' என்பர் சிலர். நட்டம் மெய்யே, அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவன் விற்றது யாது? வெறும் ஒப்பந்தத் தாள்களா? அவற்றுக்கு விலை ஏற்றியது தலைமுறை தலைமுறையாய் ஊரார் செலுத்திய அன்பேயாகும். அன்பு ஊராருடையதாயின், விலைமட்டும் ஒருவனுக்கே உரியதாவது எங்ஙனம்?

2011-இல் அட்லாண்டா நகரத்துக் குழுவை வாங்கி, வின்னிப்பெக் மீண்டும் ஜெட்ஸ் எனப் பெயரிட்டது. பருவச்சீட்டுக்கள் சில நிமிடங்களிலே விற்றுத் தீர்ந்தன. மகிழ்ச்சிதான், எனினும் வின்னிப்பெக்கின் களிப்பு அட்லாண்டாவின் கண்ணீர் என்பதை மறத்தல் தகாது. பீனிக்ஸ் சென்ற குழுவின் ஆட்டக்காரரும் 2024-இல் யூட்டா மாநிலத்துக்கு மாற்றப்பட்டனர். ஒருவர் துயரினாலேதான் மற்றொருவர் துயர் தீரும் என்பது நன்முறையாமோ?

எனவே நாம் கருதுவது இது: கோயிலுக்குத் தருமகர்த்தா எத்தன்மையனோ, குழுவுக்கு முதலாளியும் அத்தன்மையனே. நடத்த இயலாதபோது அவன் விலகலாம். ஆனால் நியாயமான விலைக்குக் குழுவை ஏற்கும் முதல் வாய்ப்பை அவ்வூர் மக்களுக்கே அளித்தல் வேண்டும். இதனை லீக் தன் சட்டமாகவே கொள்ளுதல் நன்று. ஊரின் பெயரைக் கடனாகப் பெற்றவன், அக்கடனை ஊராரிடமே தீர்ப்பதுதான் முறை.