ரவையும் கோதுமைதான்

பெங்களூரின் கடை அலமாரிகளில் ‘குளூட்டன் அற்றது’ என்ற அறிவிப்பு இன்று எங்கும் தென்படுகிறது. பிஸ்கட்டின் மீது அது இருப்பதில் பொருளுண்டு. குளூட்டன் இருக்க வழியே இல்லாத தேன் புட்டியின் மீதும் அதுவே அச்சாகும்போது, அச்சொல் தகவல் என்ற நிலையிலிருந்து அலங்காரம் என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறது. இதைச் சுற்றி மூன்று தரப்புகள் வாதிட்டுக்கொண்டிருக்கின்றன. முதல் தரப்புக்குக் கோதுமை நஞ்சு. இரண்டாம் தரப்புக்கு இது மேட்டுக்குடியின் பொழுதுபோக்கு. மூன்றாம் தரப்போ, இட்லியும் தோசையும் ராகி முத்தெயும் உண்ணும் தென்னாட்டுக்கு இக்கவலையே வேண்டாம் என்று பெருமை கொள்கிறது. மூவரின் ஆரவாரத்திலும் குரல் கேட்காமல் போகிறவர் ஒருவர் உண்டு: சீலியாக் நோயுடன் படிப்புக்கோ வேலைக்கோ இந்நகருக்கு வந்து, மூன்று வேளையும் பிறர் சமைத்ததை உண்ண வேண்டியவர்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத் தொகுதியே குளூட்டன். பிசைந்த மாவுக்கு இழுவைத் தன்மையைத் தருவது இதுவே. தமிழில் பசையம் என்றும் வழங்குவர். சீலியாக் நோய் உள்ளவரின் உடல், இதற்கு எதிர்வினையாகத் தன் சிறுகுடலின் குடலுறிஞ்சிகளையே தாக்குகிறது. இரத்தசோகை, எலும்புத் தேய்வு, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு ஆகியவை பின்தொடர்கின்றன. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் நிறுவினார். அன்றும் இன்றும் நடைமுறையில் உள்ள சிகிச்சை ஒன்றே: வாழ்நாள் முழுதும் குளூட்டனை விலக்குதல். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் மூன்று மாதம் தொடர்ந்தாலே குடலுறிஞ்சிகள் சிதையக்கூடும் என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல் காட்டினர். ஒரு சப்பாத்தியில் அதைப் போலப் பல மடங்கு உண்டு.

முதல் தரப்பை எடுத்துக்கொள்வோம். கோதுமையை நிறுத்தியதும் வயிறு இலேசாகிவிட்டது என்போர் பொய் சொல்வதில்லை. காரணத்தைத்தான் தவறாகக் கணிக்கின்றனர். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன் குழுவினர், சீலியாக் நோய் இல்லாதவருக்கும் குளூட்டன் தொல்லை தரலாம் என்று 2011இல் எழுதினர். குடலில் நொதிக்கும் சிலவகை மாவுச்சத்துகளையும் குறைத்துவிட்டு அதே குழுவினர் மறுபடி சோதித்தபோது, குளூட்டனுக்கென்று தனி விளைவு எதுவும் புலப்படவில்லை என்று 2013இல் அறிவித்தனர். தம் முடிவைத் தாமே திருத்திக்கொண்ட அந்த நேர்மை, காணொளிகளில் கோதுமையைச் சபிப்போரிடம் இல்லை. இந்த மோகத்தால் நேரும் தீங்கு பணச்செலவோடு நிற்பதன்று. சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை, ஒருவர் கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதுதான் நம்பத்தக்க விடை தரும். பரிசோதிக்காமலே கோதுமையை விட்டவருக்கு, நோய் இருந்தாலும் முடிவு ‘இல்லை’ என்று வரக்கூடும். மோகம் உண்மையான நோயாளியை அவரிடமிருந்தே மறைத்துவிடுகிறது.

இரண்டாம் தரப்பின் ஏளனத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் அந்த ஏளனம் விழும் இடம் தவறானது. அலமாரியில் அதிக விலைக்கு விற்பவர் அதைக் கேட்கப்போவதில்லை. விடுதி உணவுக்கூடத்தில் ‘இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்’ என்று வினவும் மாணவிதான் கேட்கிறாள். ‘உனக்கும் அந்த ஃபேஷனா’ என்ற சிரிப்புக்கு அஞ்சி அவள் வினவுவதையே நிறுத்துகிறாள். பிறகு உண்கிறாள், அல்லது பட்டினி கிடக்கிறாள். வர்க்க விமர்சனம் என்ற பெயரில் நடப்பது இதுவென்றால், அந்த விமர்சனம் யாருக்குப் பயன்படுகிறது?

மூன்றாம் தரப்பின் பெருமைதான் மூன்றிலும் ஆபத்தானது. அது அக்கறையின் தோற்றத்தில் வருகிறது. 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்று, சீலியாக் நோய் வடக்கில் ஆயிரத்துக்கு 8.53 பேருக்கும் தெற்கில் 0.11 பேருக்கும் இருப்பதாகக் கண்டது. இதைத் தென்னாட்டு உடலின் காப்பு என்று படிப்பவர்கள் அடுத்த வரிகளையும் படிக்க வேண்டும். நோய்க்கு இடந்தரும் மரபணு வகை வடக்கில் 38.1 விழுக்காட்டினரிடமும் தெற்கில் 36.4 விழுக்காட்டினரிடமும் இருந்தது. வேறுபாடு மிகச் சிறிது. ஆனால் கோதுமை உணவு வடக்கில் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். தெற்கில் நோய் அரிதாக இருப்பதன் விளக்கத்தை உடலில் தேடுவதைவிடத் தட்டில் தேடுவதே பொருத்தம். அந்தத் தட்டோ மாறிவருகிறது. சர்க்கரை நோய் என்றதும் இரவில் சப்பாத்திக்கு மாறும் வீடுகள் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் ஏராளம்.

பெங்களூரின் சிற்றுண்டித் தட்டைச் சற்றே பாருங்கள். சௌ சௌ பாத் என்பது காராபாத்தும் கேசரிபாத்தும் சேர்ந்தது. இரண்டும் கோதுமை ரவை. மத்தூர் வடையில் மைதாவும் ரவையும் உண்டு. இந்நகரின் பெருமிதமான ரவை இட்லி, இரண்டாம் உலகப்போர்க் கால அரிசித் தட்டுப்பாட்டில் தங்கள் சமையலறையில் பிறந்தது என்று மாவள்ளி டிபன் ரூம் கூறுகிறது. அரிசியின் இடத்தில் கோதுமை அமர்ந்த வரலாறு அது. வெறும் இட்லியே போதும் என்றால் பக்கத்தில் சாம்பார் வருகிறது. அதிலுள்ள பெருங்காயம் பெரும்பாலும் தூய பிசின் அன்று. கோந்தும் மாவும் கலந்த கூட்டுப் பெருங்காயம். அந்த மாவு பல நிறுவனங்களின் தயாரிப்பில் கோதுமை அல்லது மைதா, சிலவற்றில் அரிசி. ஒரு கிண்ணம் சாம்பாரில் சேரும் அளவு சிறிதுதான். ஆனால் அதை ஏற்பதா விலக்குவதா என்று முடிவெடுக்க, அது அங்கே இருப்பது முதலில் தெரிய வேண்டும்.

தெரியவிடாமல் தடுப்பது பெரும்பாலும் வஞ்சகமன்று, சொல். ‘அண்ணா, இதில் கோதுமை உண்டா’ என்று கேட்டால், ‘இல்லைம்மா, இது ரவை’ என்று பரிமாறுபவர் நேர்மையாகவே விடையளிக்கிறார். சமையலறையில் ‘கோதுமை மாவு’ என்றால் சப்பாத்தி மாவு மட்டுமே. மைதா, ரவை, சேமியா ஆகிய பெயர்கள் தம் தானியத்தை வெளிக்காட்டுவதில்லை. ரவை என்பது துகளின் அளவைக் குறிக்கும் சொல். துப்பாக்கிக் குண்டுக்கும் தமிழில் அதே பெயர். கன்னடத்தில் இட்லி ரவெ என்றால் அரிசி, உப்பிட்டு ரவெ என்றால் கோதுமை. சமைப்பவருக்குத் தேவைப்பட்டது மாவின் நயமும் பருமனும். மொழி அவற்றையே பெயராக்கிக்கொண்டது. அது மொழியின் குறையன்று. ஆனால் நோயாளிக்கு வேண்டிய ஒரே செய்தி அந்தப் பெயர்களில் இல்லை. ‘குளூட்டன்’ என்ற அயற்சொல்லை இறக்குமதி செய்வதால் இந்த இடைவெளி அடைபடாது. பரிமாறுபவருக்கு அச்சொல்லால் ஒன்றும் விளங்காது.

சட்டம் பாதி வழி வந்திருக்கிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் உள்ள பொருளைக் குளூட்டன் அற்றது என்று இந்தியாவில் விற்கக் கூடாது. 2020ஆம் ஆண்டின் விதிகள் பொட்டலங்களில் ஒவ்வாமைப் பொருள்களை அறிவிக்கச் சொல்கின்றன. உணவகங்களில் மத்திய உரிமம் பெற்றவையும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ளவையும் உணவுப் பட்டியலிலேயே அதைக் குறிப்பிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் சிறு உணவகங்களுக்கும் இக்கடமை உண்டு. இங்கே நின்றபடி உண்ணும் தர்சினிகளும் தெருமுனைக் கடைகளும் விடுதிகளின் உணவுக்கூடங்களும் பெரும்பாலும் அந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. விலை உயர்ந்த பொட்டலத்தை வாங்க முடிந்தவருக்குச் சட்டத்தின் காப்பு. முப்பது ரூபாய்க்கு இட்லி உண்பவருக்கு யூகம். மேட்டுக்குடி என்று ஏளனம் செய்வோர் கோபம் கொள்ள வேண்டிய இடம் இதுவே.

செய்ய வேண்டியது எளிது. உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்தின் அருகிலும் ‘கோதுமை உண்டு’, ‘கோதுமை இல்லை’ என்று கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் எழுதலாம். ரவையும் மைதாவும் சேமியாவும் பெருங்காயத்தின் மாவும் அக்கணக்கில் அடங்கட்டும். அப்பலகை பொது எண்ணெய்ச் சட்டியின் கலப்பையோ, கோதுமையும் ராகியும் ஒரே இயந்திரத்தில் அரைபடும் மாவு மில்லின் கலப்பையோ தீர்க்காது. ஆனால் கேள்வி கேட்கும் வெட்கத்தைத் தீர்க்கும். வடக்கிலிருந்து வரும் மாணவரை ஆண்டுதோறும் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழக விடுதிகள் இதற்குச் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உணவுக் குழுவின் ஒரு கூட்டமும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும். மோகமா மருத்துவமா என்று கருத்தரங்கு நடத்தும் துறைகள், அதற்கு முன்பு தம் வளாகத்தின் உணவுப் பலகையில் ரவைக்கு எதிரே கோதுமை என்று எழுதட்டும்.