சென்டரில் டக்கென்று சொல்லும் குழந்தை வீட்டில் முழிப்பது ஏன்? ஆட்டிசமும் கவனமும்: விரிவான பார்வை

ஆட்டிசம் பற்றி 2025-ல் பெரிதாகப் பேசப்பட்ட இரண்டு செய்திகளுமே அமெரிக்காவில் இருந்து வந்தவை. அங்கே எட்டு வயதுக் குழந்தைகளில் 31 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு ஏப்ரலில் வெளியானது. செப்டம்பர் 22 அன்று அதிபர் டிரம்ப், கர்ப்பிணிகள் பாராசிட்டமால் மாத்திரை போடுவதையும் ஆட்டிசத்தையும் இணைத்துப் பேசினார். அப்படி உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அடுத்த இரண்டு நாட்களில் விளக்கம் கொடுத்தது. அதற்குள் விஷயம் நம்மூர் வாட்ஸ்அப் குரூப்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

எதனால் வருகிறது, எத்தனை பேருக்கு வருகிறது என்ற இந்தச் சத்தத்தில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் வீடுகளில் தினமும் எழும் கேள்வி ஒன்று அமுங்கிப்போகிறது. "தெரபி சென்டர்ல கரெக்டா சொல்றான். வீட்டுக்கு வந்து அதையே கேட்டா திருதிருன்னு முழிக்கிறான். ஏன்?"

இதற்குப் பலரும் ரெடியாக வைத்திருக்கும் பதில்: "அவனுக்குக் கவனம் இல்ல." கவனம் நிஜமாகவே இல்லையா, அல்லது நாம் எதிர்பார்க்காத இடத்தில் இருக்கிறதா?

ஒரு சிவப்பு கப்

ஒரு உதாரணம். சென்டரில் மேசை மேல் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கப். "இது என்ன?" "கப்." பத்து முறை கேட்டால் பத்து முறையும் சரியான பதில். நோட்டில் டிக் விழுகிறது. வீட்டில் அம்மா வெள்ளைப் பீங்கான் கப்பைக் காட்டுகிறார். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, பாத்ரூமில் கிடக்கும் சிவப்பு வாளியைக் காட்டி அதே குழந்தை "கப்" என்கிறது.

குழந்தை கற்றுக்கொள்ளவில்லை என்று இதைப் பார்த்துச் சொல்ல முடியாது. நன்றாகவே கற்றிருக்கிறது. நாம் வடிவத்தைச் சொல்லிக்கொடுத்ததாக நினைத்தோம். குழந்தை நிறத்தை எடுத்துக்கொண்டது. இருந்தது ஒரே ஒரு கப் என்பதால், 'கப்' என்றால் சிவப்பு என்று முடிவெடுப்பதில் தர்க்கரீதியாக ஒரு தப்பும் இல்லை.

உளவியலில் இதை 'வகை கற்றல்' என்கிறார்கள். உலகத்தில் எந்த இரண்டு கப்பும் அச்சு அசலாக ஒன்று கிடையாது. நிறம், அளவு, கைப்பிடி, ஓரத்தில் உள்ள கீறல் எல்லாவற்றையும் கண்டுகொள்ளாமல் விட்டால்தான் எல்லாம் 'கப்' ஆகும். எதையெல்லாம் விட வேண்டும் என்று யாரும் குழந்தைக்குச் சொல்லித் தருவதில்லை.

மற்ற குழந்தைகளுக்கு எப்படி வருது?

1988-ல் பார்பரா லாண்டாவ், லிண்டா ஸ்மித், சூசன் ஜோன்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு எளிய சோதனை செய்தார்கள். யாரும் பார்த்திராத ஒரு பொருளைக் காட்டி, "இது டாக்ஸ்" என்று ஒரு இல்லாத பெயரைச் சொன்னார்கள். பிறகு வேறு பொருட்களைக் காட்டி எது டாக்ஸ் என்று கேட்டார்கள். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் அளவையும் பொருளின் தன்மையையும் ஓரங்கட்டிவிட்டு, பெரும்பாலும் ஒரே வடிவத்தில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தப் பழக்கம் பிறவியிலேயே வருவதா? 2002-ல் ஸ்மித்தின் குழு, 17 மாதக் குழந்தைகளுக்குச் சில வாரங்கள் வடிவத்தை வைத்துப் பெயர் வைக்கும் விளையாட்டு நடத்தியது. அந்தக் குழந்தைகள் ஆய்வகத்துக்கு வெளியேயும் பொருட்களின் பெயர்களை மற்றவர்களைவிட வேகமாகக் கற்றார்கள். அதாவது, கவனம் இருந்தால்தான் கற்க முடியும் என்பது பாதிக் கதை. கற்கக் கற்கத்தான் கவனம் எங்கே போக வேண்டும் என்பதும் பழகுகிறது.

(நம்மிடமும் இப்படி ஒன்று உண்டு. 'அப்பா வந்தார்', 'நாய் வந்தது' என்று உயர்திணை, அஃறிணையைத் தமிழ்க் குழந்தை பள்ளிக்குப் போகும் முன்பே பிரித்துவிடும். தொல்காப்பியம் சொல்லதிகாரம் அந்தப் பிரிவில்தான் தொடங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. 'குழந்தை வந்தது' என்று தன்னையே அஃறிணையில் சேர்ப்பதையும் அது கண்டுகொள்வதில்லை.)

2008-ல் அமெரிக்காவில் டெக், நைகிள்ஸ் உள்ளிட்டோர் ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளிடம் இதே வகைச் சோதனையைச் செய்தார்கள். பல பொருட்களின் பெயர் தெரிந்த குழந்தைகளிடமும் அந்த வடிவப் பழக்கம் தெரியவில்லை. சொற்கள் சேர்ந்திருந்தன, சொற்களை நீட்டிக்கும் குறுக்குவழி சேரவில்லை.

ஷூவைக் கழற்றியதும் என்ன ஆச்சு?

இந்தச் சிக்கல் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. 1973-ல் லாரா ஷ்ரைப்மன், ஐவர் லோவாஸ் இருவரும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஆண் பொம்மை எது, பெண் பொம்மை எது என்று பிரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். குழந்தைகள் கற்றுக்கொண்டார்கள். பிறகு பொம்மைகளின் உடைகளையும் பாகங்களையும் மாற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு குழந்தை இவ்வளவு நாளும் ஷூவை மட்டும் வைத்துத்தான் பிரித்திருக்கிறது. ஷூ போனதும் வித்தியாசமும் போய்விட்டது.

(லோவாஸ் பெயரைச் சும்மா கடந்துபோக முடியாது. குழந்தைகளுக்குத் தண்டனையாக மின் அதிர்ச்சி கொடுத்தவர் என்ற குற்றச்சாட்டு அல்ல, பதிவான வரலாறே அவர் பின்னால் இருக்கிறது.)

இப்படி ஒரே அம்சத்தைப் பிடித்துக்கொள்வது ஆட்டிசத்துக்கு மட்டும் உரியதல்ல, வேறு வளர்ச்சிக் குறைபாடுகளிலும் உண்டு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

பார்வையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. அம்மா ஒரு பொருளைப் பார்த்தபடி பெயர் சொன்னால், பெரும்பாலான குழந்தைகள் நிமிர்ந்து அம்மாவின் கண் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு, அந்தப் பொருளோடு பெயரைச் சேர்க்கும். 1997-ல் சைமன் பாரன்-கோஹன் குழு நடத்திய சோதனையில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் அந்த நேரத்தில் தாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பொருளோடு பெயரைச் சேர்த்தார்கள். எல்லோரும் எப்போதும் இப்படித்தான் என்றில்லை. ஆனால் "சொன்னது மண்டையில ஏறல" என்று நாம் அலுத்துக்கொள்ளும் இடத்தில், சொன்னது ஏறியிருக்கலாம். வேறு பொருளின் மேல் ஏறியிருக்கலாம்.

திரும்பத் திரும்ப சொன்னா வராதா?

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம் சென்டர்களிலும் ஸ்கூல்களிலும் உள்ள பொதுவான மருந்தே 'இன்னும் நூறு முறை' என்பதுதான்.

2015-ல் 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவனமும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டன. பங்கேற்றவர்கள் பெரியவர்கள். திரை முழுக்கப் படுக்கைக் கோடுகள். நடுவில் சாய்ந்த மூன்று கோடுகள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்று சொல்ல வேண்டும். அந்த மூன்று கோடுகளும் நாள்தோறும் ஒரே இடத்தில் வந்தன. ஆட்டிசம் உள்ளவர்களும் மற்றவர்களைப் போலவே தேறினார்கள்.

பிறகு இடத்தை மட்டும் மாற்றினார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் தடுமாறினார்கள். கவனிக்க வேண்டியது, புது இடத்தில் தொடர்ந்து பயிற்சி கொடுத்தும் முதலில் வந்த அளவுக்கு அவர்களுக்கு வரவில்லை. முதல் கற்றல் அவ்வளவு இறுக்கமாகப் பதிந்து, அடுத்ததற்கு வழிவிடவில்லை.

அதே ஆய்வில் ஒரு சின்ன மாற்றமும் செய்து பார்த்தார்கள். நடுநடுவே, கண்டுபிடிக்க எதுவுமே இல்லாத வெறும் திரைகளைச் செருகினார்கள். ஒரே மாதிரி வருவது உடைந்தது. அப்போது கற்றது புது இடத்துக்கும் கடந்து வந்தது.

இது கண் சார்ந்த ஒரு ஆய்வகச் சோதனை. இதை வைத்து நாளைக்கே எல்லா பிளாஷ் கார்டையும் குப்பையில் போடச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே கார்டு, ஒரே மேசை, ஒரே டீச்சர், ஒரே கேள்வி என்று ஆயிரம் முறை ஓட்டும் பயிற்சியை மறுபடி யோசிக்க இது போதும். சொல்லிக்கொடுத்துவிட்டு மற்ற இடங்களில் தானாக வரும் என்று காத்திருப்பது வேலைக்கு ஆகாது, ஆரம்பத்திலேயே பல உதாரணங்களோடு கற்பிக்க வேண்டும் என்று ஸ்டோக்ஸ், பேர் என்ற இருவர் 1977-லேயே எழுதிவிட்டார்கள். நல்ல சிறப்பாசிரியர்கள் இதைச் செய்யத்தான் செய்கிறார்கள்: ஐந்து நிறத்தில் கப், அதில் ஒன்று உடைந்தது, ஒன்று படத்தில், ஒன்று டீக்கடையில்.

கவனம் குறைவா, அதிகமா?

2017-ல் லண்டனில் அன்னா ரெமிங்டனும் ஜேக் ஃபேர்னியும் செய்த சோதனையில், ஹெட்போனில் ஒரு பார்ட்டிக்குத் தயாராகும் சத்தம் ஓடுகிறது. பெண்கள் பேசுவதை மட்டும் கவனியுங்கள் என்று சொல்லப்படுகிறது. நடுவே ஒரு ஆண் குரல் "நான் கொரில்லா, நான் கொரில்லா" என்று சொல்லிக்கொண்டே கடந்துபோகிறது. ஆட்டிசம் இல்லாதவர்களில் அதைக் கவனித்தவர்கள் 12 சதவீதம். ஆட்டிசம் உள்ளவர்களில் 47 சதவீதம். சொன்ன வேலையில் அவர்கள் பின்தங்கவும் இல்லை.

மின்விசிறி சத்தம், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு, ஜன்னல் நிழல் எல்லாம் சேர்ந்து உள்ளே வந்தால், வகுப்பறை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்குத் தமிழில் 'புற உலக சிந்தனையற்ற மதியிறுக்கம்' என்று ஒரு பெயர் உண்டு. 47 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்த பிறகு அந்த 'அற்ற' கொஞ்சம் உறுத்துகிறது. 21ஜி எங்கே போகும், 29சி எங்கே போகும், எந்த பஸ் தாழ்தளம் என்று வண்டியின் முகத்தைப் பார்த்தே பிரிக்கும் சிறுவனுக்குப் புற உலகம் இருக்கிறது. வகைகளும் இருக்கின்றன. அவை பாடப்புத்தகத்தில் இல்லை, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் ஆட்டிசத்தை அளக்கப் பயன்படும் ஐஎஸ்ஏஏ அளவுகோலில் மொத்தம் 40 அம்சங்கள். அதில் ஒன்று 'நிலையற்ற கவனம்'. கவனம் எதன் மீது நிலைக்கிறது என்பதற்குக் கட்டம் கிடையாது. சான்றிதழுக்கு அந்த அளவு போதுமானதாக இருக்கலாம். அதே சொல் பள்ளியில் "இவனுக்கு வராதுங்க" என்று மாறும்போதுதான் பிரச்சினை.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அதன் 17-வது பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழியில் விலக்கு ஆகியவற்றைச் சொல்கிறது. விடை தெரிந்தும் எழுத முடியாத பிள்ளைக்கு இவை பெரிய உதவி. ஆனால் கூட்டலை மேலும் கீழுமாக எழுதிக் கற்ற பிள்ளைக்கு, அதே கணக்கு 'ராமுவிடம் ஏழு மாம்பழம்' என்று வந்தால் கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுத்து என்ன செய்ய? அதே பிரிவு தேர்வோடு பாடத்திட்டத்திலும் தகுந்த மாற்றம் செய்யச் சொல்கிறது. நடைமுறையில் பேசப்படுவது பெரும்பாலும் தேர்வுச் சலுகை மட்டும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016-ல் ஆட்டிசத்துக்கான ஆய்விதழ்களில் வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் பங்கேற்ற ஆட்டிசம் உள்ளவர்களில் 94 சதவீதம் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடு இல்லை. பேச்சு வராத, சொல்வதைச் செய்து காட்ட முடியாத குழந்தையைத் திரை முன் உட்காரவைத்துச் சோதிப்பது கஷ்டம் என்பது ஒரு காரணம். "வீட்டுக்கு வந்தா முழிக்கிறான்" என்று கேட்கும் அம்மாக்களில் பலரும் அந்தக் குழந்தைகளின் அம்மாக்கள். அவர்களிடம் சிவப்பு வாளியைக் காட்டி "கப்" என்று சொல்லும் வார்த்தைகூட இன்னும் வந்திருக்காது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டும் பொருளில்தான் அவர்கள் என்ன பிரித்துவைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்க முடியும்.