இ20 பெட்ரோல்: 10 வயது தாண்டிய காரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

பெட்ரோல் பங்க்குகளில் இப்போது சாதாரணமாகக் கிடைப்பது 20% எத்தனால் கலந்த ‘இ20’ பெட்ரோல்தான். 2030-க்கு வைத்திருந்த இந்த இலக்கை மத்திய அரசு 2025-லேயே எட்டிவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக, 10, 12 வருஷம் ஓடிய கார் வைத்திருப்பவர்களுக்கும், முதல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களுக்கும் மிஞ்சியிருப்பது ஒரே கேள்வி: இந்தப் பெட்ரோலைப் போட்டுக்கொண்டு பழைய காரை எப்படிக் காப்பாற்றுவது?

மைலேஜ் எவ்வளவு குறையும்?

பெட்ரோலைவிட எத்தனாலில் ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வகை நான்கு சக்கர வாகனங்களில் 6 முதல் 7% வரை மைலேஜ் குறையலாம் என்று 2021-ல் வெளியான நிதி ஆயோக் அறிக்கை மதிப்பிட்டது. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்த கார் 14 கி.மீ. கொடுக்கும். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் கூடுதலாக 4 முதல் 5 லிட்டர் செலவாகும். பர்ஸைக் கடிக்கும், ஆனால் வண்டியைக் கெடுக்காது.

அப்போ உண்மையான பிரச்சினை எது?

ரப்பர். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் இ20-ஐத் தாங்கும் பாகங்கள் இருக்கின்றன. அதற்கு முந்தைய பல கார்களில் அந்த உத்தரவாதம் இல்லை. பழைய ரப்பர் ஹோஸ், ஓ-ரிங், கேஸ்கட் போன்றவற்றை எத்தனால் உப்பவோ இறுகவோ வைக்கும். சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடியபின் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. அந்தச் செலவு வண்டி உரிமையாளருடையது.

எனவே அடுத்த சர்வீஸில் பெட்ரோல் டேங்கிலிருந்து இன்ஜின் வரை போகும் ஹோஸ்கள் முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்போ கசிவோ இருந்தால் மாற்றிவிடுங்கள். டேங்கில் படிந்த அழுக்கை எத்தனால் கரைத்துக் கிளப்பும் என்பதால் ஃபியூயல் ஃபில்டரையும் கவனியுங்கள். காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்; மெக்கானிக்கை வரவழையுங்கள். சூடான இன்ஜின் மேல் சொட்டும் பெட்ரோல் தீப்பிடிக்கும்.

‘வண்டி நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?’

பழைய கார்கள் நடுரோட்டில் நிற்பதற்குப் பெரும்பாலும் இந்த எண்ணம்தான் காரணம். இன்ஜினின் இரும்பு பல வருஷம் தாங்கும். அதைச் சுற்றியிருக்கும் ரப்பரும் ஆயிலும் தாங்காது. கம்மியாக ஓட்டினாலும் அவற்றுக்கு வயதாகும். டீசல் கார்களுக்கும் இது பொருந்தும். கி.மீ. கணக்கோடு காலண்டரையும் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு:

கூலன்ட்: குறையும்போதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டரில் உப்பு படியும். இன்ஜின் சூடேறி, சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கட் போகும். சில நூறு ரூபாய் ஹோஸை விட்டுவைத்தால் பல ஆயிரம் ரூபாய் வேலையில் முடியும்.

டைமிங் பெல்ட்: உங்கள் காரில் இருப்பது பெல்ட்டா, செயினா என்று முதலில் கேளுங்கள். பெல்ட் என்றால் கையேட்டில் சொன்ன கி.மீ. அல்லது வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். ஓடும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை இடித்து நொறுக்கிவிடும்.

பிரேக் ஆயில்: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அது கொதித்தால் பெடல் அப்படியே உள்ளே போய்விடும். பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

டயர்: பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

செலவு செய்யலாமா, விற்றுவிடலாமா?

சொந்த உபயோக காரின் ஆர்.சி. 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது. பசுமை வரி தனி.

அதனால் 14-வது வருஷத்தில் பெரிய வேலை பார்ப்பதற்கு முன் காரை லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பாருங்கள். சேசிஸ் துருப்பிடித்து அரித்திருந்தால் இன்ஜினுக்குச் செலவழிப்பது வீண். அடிப்பகுதி உறுதியாக இருந்து, மேலே சொன்ன வேலைகளுக்கான பில்களும் உங்களிடம் இருந்தால், புது கார் இஎம்ஐ-யை இன்னும் சில வருஷம் தள்ளிப்போடலாம். செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களும் ஓடோமீட்டரைப் பார்ப்பதற்கு முன் அந்த பில்களைக் கேளுங்கள்.