மூணு பாட்டு சொல்லத் தெரியணுமா?

ரோலிங் ஸ்டோன்ஸ் நாக்குப் படம் போட்ட டி-ஷர்ட்டோட ஒரு பொண்ணு கிளாசுக்கு வந்துட்டா போதும், "எங்க, அவங்க பாட்டு மூணு சொல்லு பார்ப்போம்"னு ஒரு கூட்டம் கிளம்பிடுது. (அதே டி-ஷர்ட்டை ஒரு பையன் போட்டா இந்தப் பரீட்சை கிடையாது. கவனிச்சிருக்கீங்களா?)

மக்களே, அந்த நாக்கு எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? 1970ல ஜான் பாஷேன்னு லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் மாணவர் ஒருத்தர் வரைஞ்சது. கூலி 50 பவுண்டு. மாதிரிக்குன்னு மிக் ஜாகர் அவர்கிட்ட காட்டினது நம்ம காளி படத்தை! ஜாகரை யாராவது நிறுத்தி வச்சு காளி மேல மூணு துதி சொல்லச் சொன்னாங்களா?

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் போட்ட சரிகைப் பின்னல் கோட்டு ஐரோப்பியக் குதிரைப்படைக்காரங்க உடுப்பு, லண்டன்ல பழசா வாங்கினது. மனுஷன் ராணுவத்துல இருந்தது 1961-62ல ஏறக்குறைய ஒரு வருஷம், அதுவும் அமெரிக்காவோட பாராசூட் படையில. 1973ல டேவிட் போவி மேடையில போட்ட அந்த விசித்திர உடைகளைத் தைச்சுக் கொடுத்தவர் ஜப்பான்காரர், கன்சாய் யமமோட்டோ. ஆக எல்லாருமே அடுத்தவன் அலமாரியில கை வச்சவங்கதான். இதுல நம்ம ஆளுங்க எந்தத் தகுதிச் சான்றிதழைக் கேக்கறாங்கன்னு எனக்குப் புரியல.

கோபப்படணும்னா அதுக்கு வேற இடம் இருக்கு. ராமோன்ஸ் ஞாபகம் இருக்கா? 1974ல நியூயார்க்ல சேர்ந்த கூட்டம். தோல் ஜாக்கெட், முழங்கால் கிழிஞ்ச ஜீன்ஸ். இன்னிக்கு அந்தக் கோலம் வேணும்னா கடையிலேயே கிழிச்சு, வெளுத்து, ரெடியா தொங்குது. புது ஜீன்ஸ் எப்படிய்யா பழசாச்சு?

ரொம்ப காலம் அதுக்கு ஒரு வழி, கம்ப்ரஸர் குழாயில மணலை வேகமா பீச்சி அடிக்கிறது. சாயம் உதிரும், துணி நைஞ்ச மாதிரி ஆயிடும். கூடவே சிலிக்கா தூசி வேலையாளோட நுரையீரலுக்குள்ள போகும். சிலிகோசிஸ்னு பேரு. கல்லுடைக்கிறவங்களுக்கும் சுரங்கத் தொழிலாளிகளுக்கும் வர்ற நோய், குணப்படுத்த மருந்து கிடையாது. துருக்கியில சின்னச் சின்னப் பட்டறைகள்ல இப்படி மணல் அடிச்ச இளைஞர்கள், நம்ம வயசுப் பசங்க, மூச்சு விட முடியாம செத்துப் போனாங்க. 2009ல அந்த நாடு இதைத் தடை செஞ்சுது. 2010ல லீவைஸும் எச் அண்ட் எம்மும் நிறுத்தறதா அறிவிச்சாங்க. ஆனா 2012ல தொழிலாளர் அமைப்புகள் போய்ப் பார்த்தப்போ பங்களாதேஷ்ல சில ஆலைகள்ல வேலை நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு.

இப்போ லேசர் வந்திருக்கு, நல்ல விஷயம். பொட்டாசியம் பெர்மாங்கனேட் தெளிக்கிற வழியும் இருக்கு, அதுவும் நுரையீரலுக்கு ஆகாது. எந்த ஜீன்ஸ் எப்படி வெளுத்ததுன்னு கடையில தொங்கற அட்டையில போட்டிருக்கிறதை நான் பார்த்ததில்லை.

சோ, ராக் ரசிக சிகாமணிகளே, உங்களுக்குக் கேள்வி கேக்கற அரிப்பு இருந்தா அதைக் கடைக்காரன்கிட்ட கேளுங்க, கம்பெனிக்கு மெயில் அனுப்பிக் கேளுங்க. ராமோன்ஸ் மாதிரியே இருக்கணும்னா கரு நீலத்துல சாதா ஜீன்ஸ் ஒண்ணு வாங்கி, தினம் போட்டுக்கிட்டுச் சுத்துங்க. தானா கிழிய ரெண்டு மூணு வருஷம் ஆகும். பைக்ல இருந்து விழுந்தா இன்னும் சீக்கிரம் :-)